முப்பத்தாறு பல்லில் போடிமெட்டு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோர் ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள் செல்லக்கிளி. ஏழு மில்லிமீட்டர் காயையும் ஏழரை மில்லி காயையும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்துவிடுவாள். சல்லடைகூடச் சில நாள் ஏமாற்றும், அவள் விரல் ஏமாற்றாது. வயது நாற்பத்து மூன்று. இடது முழங்காலுக்குள் ஒரு தகடும் நாலு ஸ்க்ரூவும் இருக்கின்றன.

ஸ்டோருக்கு வருவதற்கு முன் அவள் மலை எஸ்டேட்டில் காய் பறித்தவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில், ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறிய ஜீப்பு போடிமெட்டு மலைப்பாதையின் பதினோராவது வளைவில் கவிழ்ந்தது. தெய்வாதீனமாக எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து செல்லக்கிளியால் அந்தப் பாதையில் எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. இரண்டு தடவை பஸ்சில் முயன்று பார்த்தாள். மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் வளைவு வந்ததும் பயம் தாங்காமல் நடுவழியில் இறங்கிக்கொண்டாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா மொக்கம்மாள்தான் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கீழே இறங்கி வந்தாள்.

அந்த அக்கா எஸ்டேட் லயத்து வரிசை வீட்டை விட்டு, சொந்தமாக வீடு கட்டிவிட்டாள். தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரைக்குப் பால் காய்ச்சு. புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் போக வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது கூடப் பிறந்தவள். மொக்கம்மாள் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தங்கச்சியைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று தானே முந்திக்கொண்டாள்.

“நீ வர வேணாம்டி. உப்பையும் மஞ்சளையும் ஏதாவது ஜீப்புல குடுத்துவிடு, போதும்.”

அந்தப் ‘போதும்’தான் செல்லக்கிளியைச் சுட்டது. அக்கா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போனை வைத்தவள் நேரே வீட்டின் பின்பக்கம் போய், நிறுத்தியிருந்த சைக்கிளை வெளியே எடுத்தாள்.

அது தம்பி மகாராஜனின் ரோடு சைக்கிள். பெங்களூரில் தொப்பையைக் குறைப்பதற்காக வாங்கி, மூன்று நாள் ஓட்டிவிட்டு, தொப்பையோடு சமாதானமாகி செல்லக்கிளி வீட்டில் போட்டுவிட்டுப் போனது. சைக்கிள் மிதிப்பது முழங்காலுக்கு நல்லது, ஆனால் அழுத்தி மட்டும் மிதிக்காதே என்று டாக்டர் சொன்னதிலிருந்து செல்லக்கிளி அதில்தான் ஸ்டோருக்குப் போய்வந்தாள். சமவெளியில் சொகுசான வண்டி. மலையில் ஏறிப் பார்த்தாள்; மிதியும் பிரேக்கும் தன் வசம் இருந்ததால் பயம் வரவில்லை, ஆனால் மூன்றாவது வளைவுக்கே கால் வீங்கிவிட்டது. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் இருபத்தெட்டுப் பல்தான். மேட்டில் லேசாகச் சுற்ற வேண்டுமானால் அதைவிடப் பெரியது வேண்டும். பால் காய்ச்சுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அங்கேதான் அவள் ஏலக்காய்க்காரி புத்தியைக் காட்டினாள். ஏலக்காய்த் தொழிலில் பெரிய காய்தான் ராஜா. எட்டு மில்லிக்கு மேலே என்றால் மறுகேள்வி கிடையாது. அதே கணக்கில், இருப்பதிலேயே பெரிதாக நாற்பத்திரண்டு பல் வைத்த கேசட்டை, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, வரவழைத்து, வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் பாண்டியராஜிடம் மாட்டச் சொன்னாள். மாட்டிச் சுற்றியதும் அரைக்கிற மாவில் கல் விழுந்த சத்தம். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துகிற கை ஒன்று பின்சக்கரத்தில் தொங்குமே, டீரெய்லர், அது குட்டை. அதன் மேல் சக்கரம் போய் நாற்பத்திரண்டு பல்லோடு முட்டிக்கொண்டு நின்றது.

சரி, கை நீளமானால் போச்சு என்று மலை சைக்கிளுக்கான புதுசு ஒன்றை வாங்கினாள். அது முட்டவில்லை. ஆனால் சொன்ன பேச்சும் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் இருக்கிற கியர் லீவரை ஒரு தட்டு தட்டினால் செயின் அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவாமல் நடுவில் நின்று கறகறத்தது. நாலு தட்டு தட்டினால் ரெண்டு சக்கரம்தான் ஏறியது. பாண்டியராஜ் கேபிளை மாற்றினான், திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான், மூன்றாம் நாள் கையெடுத்துக் கும்பிட்டான். ஜீப்பில் போனால் ஒன்றரை மணி நேரம், எதற்கு அக்கா இந்த வம்பு என்று கேட்டான். மகாராஜனும் போனில், வேறு சைக்கிளே வாங்கித் தருகிறேன் என்றான். இரண்டையும் செல்லக்கிளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஸ்டோரில் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. சல்லடைக் கண் ஒவ்வொன்றும் அரை மில்லி பிசகினால், காயைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? அன்று சாயங்காலம் ஸ்டோரின் அளவுகோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். பல்சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இருந்த தூரம் நாலு மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஒரு தட்டுக்கு டீரெய்லர் நகர்ந்ததோ இரண்டரை மில்லி. திருகிலும் கேபிளிலும் கோளாறே இல்லை. லீவர் ஒரு கணக்கில் இழுத்தது, டீரெய்லர் வேறொரு கணக்கில் நகர்ந்தது. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவராமல் எத்தனை பெரிய பல்லை மாட்டினாலும் மலை ஏறாது.

“பெருசுன்னு பாத்து வாங்கிட்டேன்டா பாண்டி. சோடி சேருதான்னு பாக்கல” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பழைய இரும்புக் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தாள். கண்ணில் பட்ட மலை சைக்கிளின் டீரெய்லரை எல்லாம், லீவர் ஒரு தட்டுக்கு இழுக்கிற அளவுக்குக் கேபிளைக் கையால் இழுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர்கள் இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு கடையில், பின்னால் ஒன்பது பல்சக்கரம் வைத்த பழைய மலை சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. இழுத்தாள். விரலுக்கே தெரிந்துவிட்டது. அளவுகோலும் நாலுக்கு மயிரிழை குறைவு என்றது.

ஆனால் அந்த டீரெய்லர் முப்பத்தாறு பல்லுக்கு மேல் தாங்காது. நாற்பத்திரண்டை விட மனசில்லாமல் ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டாள். பிறகு அதை விட்டு, முப்பத்தாறு பல் கேசட்டாக மாற்றி வாங்கினாள். முப்பத்தாறு போதும்; முன்னால் சின்ன சக்கரத்தில் முப்பத்து நாலு பல் இருக்க, மிதி ஒரு சுற்று வந்தால் வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுகூட வராது, முழங்காலுக்கு வலியும் வராது. டீரெய்லரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார்கள். முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் செயினைச் சுற்றிப் பார்த்து, அதற்கு மேலும் இரண்டு கண்ணி விட்டு வெட்டினார்கள். பாண்டியராஜ் லீவரைத் தட்டினான். பத்துப் பல்சக்கரத்திலும் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

வியாழக்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிட்டாள். உப்பும் மஞ்சளும் இடுப்பில் துணிப்பையில். முந்தல் தாண்டியதும் முப்பத்தாறில் போட்டாள். நடக்கிறவன் முந்திவிடுகிற வேகம்தான், ஆனால் கால் வீங்கவில்லை. எட்டு வளைவு போனது தெரியவில்லை. ஒன்பதில் மூச்சு வாங்கியது, அது மேட்டினால் அல்ல. பத்தில் கை தானாகவே பிரேக்கைத் தேடியது. இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பதும் தெரிந்தே இருந்தது.

அப்போது பின்னால் ஒரு ஜீப்பு வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. முதல் கியரில் உறுமிக்கொண்டே அவளுக்குப் பின்னால் ஊர்ந்தது. ஓட்டியவர் சின்ராசு. அன்றைக்குக் கவிழ்ந்த ஜீப்பை ஓட்டியவரும் அவர்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர். அதன்பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் அவர் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். குரல் கரகரத்தது.

“நீ போ ஆத்தா. வெரசாப் போக வேண்டாம். ஒனக்குப் பின்னால எந்த வண்டியையும் விட மாட்டேன்.”

செல்லக்கிளி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சைக்கிள் ஆடிவிடும். “சரிண்ணே” என்றாள். பதினோராவது வளைவு வந்தது. பள்ளத்தின் பக்கம் பார்க்காமல் முன்சக்கரத்தையே பார்த்தாள். மிதி சுற்றியது. பின்னால் லாரிகள் கத்தின. ஜீப்பிலிருந்த பெண்கள், வேலைக்கு நேரமாகிறது என்று ஒருத்திகூட முனகவில்லை. வளைவு முடிந்து பாதை நேரானபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மிதித்தாள்.

போடிமெட்டு செக்போஸ்ட் வரைக்கும் பின்னாலேயே வந்த சின்ராசு, அங்கேதான் அவளை முந்திக்கொண்டு போனார்.

புது வீட்டை அவள் கண்டுபிடித்தபோது மணி பதினொன்றேகால். வாசல் நிறையச் சனம். பத்தரை முகூர்த்தம் போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை நிறுத்தினாள். கிளம்பியதிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகக் கால் தரையில் பட்டது. மொக்கம்மாள் வெளியே ஓடிவந்தாள். தங்கச்சி சைக்கிளில் வருகிறாள் என்று சின்ராசு வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவள் அடுப்பையே பற்றவைக்கவில்லையாம். நல்ல நேரம் போகுது என்று பெரியவர்கள் எவ்வளவோ சத்தம் போட்டும், என் தங்கச்சி வர்ற நேரம்தான் நல்ல நேரம் என்று பானையைக் கீழே வைத்துவிட்டாளாம்.

செல்லக்கிளி பையை நீட்டினாள். வியர்வையில் உப்பு கொஞ்சம் கசிந்திருந்தது. அக்கா அதை வாங்காமல், அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“நீயே கொண்டாந்து வையி” என்றாள் மொக்கம்மாள். “அதுக்குத்தானே பால் காத்துக்கெடக்கு.”