பாண்டிக்குப் பக்கத்தில்

"மேடம், கதை சூப்பர். ஒரே ஒரு சின்ன சேஞ்ச். கடலூர் வேணாம், பாண்டிச்சேரின்னு வெச்சுக்கலாம்."

சென்னையிலிருந்து வந்த இயக்குநர், அண்ணாமலை நகரில் என் வாடகை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். சின்ன சேஞ்சாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்கு வந்தவர் ஆயிற்றே என்று பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். லீவு நாட்களில் துப்பறியும் கதை எழுதுகிறேன். எல்லாமே வெள்ளைக்கார ராணி காலத்துக் கடலூர்த் துறைமுகத்தில் நடக்கிற கதைகள். துப்புத் துலக்குகிறவள் ஒரு மருத்துவச்சி. பிள்ளை வலி எடுத்துவிட்டால் துரை வீட்டிலும் அவளை யாரும் வாசலில் நிறுத்தி விசாரிப்பதில்லை, அதனால் எல்லா வீட்டு உள்விவகாரமும் அவளுக்குத் தெரியும். நான்கு புத்தகம் வந்திருக்கிறது. முதல் புத்தகத்தைத்தான் வெப் சீரிஸ் ஆக்கப்போவதாக இவர் வந்திருந்தார்.

"அந்தக் காலத்துல பாண்டியில பிரெஞ்சுக்காரன் இருந்தான் சார். என் கதையில வர்றவன் இங்கிலீஷ்காரன். அவனை அங்க எப்படிக் கொண்டுபோறது? வாடகைக்கு வீடு புடிச்சுக் குடுக்கறதா?"

"அதுக்கென்ன மேடம், பிரெஞ்சுக்காரனா மாத்திடலாம். ஆக்சென்ட்டும் நல்லாருக்கும்."

அவரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. எங்கள் கடலூர்க்காரர்களுக்கே ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ யாராவது எந்த ஊர் என்று கேட்டால், "பாண்டி பக்கம்" என்போம். புவனகிரிக்காரர் புவனகிரி என்கிறார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்கூட வாய் நிறைய மேல்பட்டாம்பாக்கம் என்று முழுப் பேரையும் சொல்கிறார். பிரெஞ்சுக்காரனிடம் மதராஸைப் பறிகொடுத்த இங்கிலீஷ் கம்பெனிக்காரன் ஓடிவந்து உட்கார்ந்து ஆண்ட ஊரில் பிறந்துவிட்டு, மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு, நாங்கள் மட்டும் பக்கத்து ஊர்ப் பேரைக் கடன் வாங்குவோம். இதில் என் தம்பிதான் முதல் ஆள். என்.டி.யில், அதாவது புது டவுனில், சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறான். கஸ்டமர் யார் கேட்டாலும் அவனுக்கு ஊர் பாண்டி பக்கம்தான்.

அவனுக்கு அதில் வேறு ஒரு காரணமும் இருந்தது. அதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

எங்கள் அப்பா ஓ.டி. துறைமுகத்தில் தோணிக்காரர். பழைய டவுனை நாங்கள் ஓ.டி. என்றுதான் சொல்வோம். கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும். தோணிகள் உப்பனாற்று வழியாகப் போய், முகத்துவாரத்தைத் தாண்டி, சரக்கை இறக்கிக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் ஒரு கோடையில், ஆற்றங்கரைக் குடோனிலிருந்து உர மூட்டைகள் காணாமல் போயின. ராத்திரியோடு ராத்திரியாகத் தோணியில் ஏற்றிக் கடல் வழியாகக் கடத்திவிட்டார் என்று போலீஸ்காரர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள்.

அந்த வாரம் முகத்துவாரம் மணலடித்து மூடிக் கிடந்தது. மூட்டை ஏற்றிய தோணி கடலுக்குப் போகவே முடியாது. இது ஓ.டி.யில் மீன் விற்கிறவளுக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்த ஒருத்தராவது போய்ச் சொன்னார்களா? இல்லை. குடோன் சாவி வைத்திருந்த ஏஜென்ட் பெரிய மனிதர், தெருவில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் பிழைப்பு. பிறகு அப்பாவை விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு 'மூட்டை' என்று பேர். நான் மூட்டை பொண்ணு, தம்பி மூட்டை மவன். கபடிக்கு ஆள் பிரிக்கும்போதும் அதே பேர், கல்யாணப் பந்தியிலும் அதே பேர். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். தம்பி அந்தப் பேருக்குப் பயந்துதான் ஓ.டி. பேச்சையே எடுக்காமல் பாண்டி பக்கத்துக்காரன் ஆனான்.

நான் வேறு வழி பார்த்தேன். முதல் புத்தகத்தில் குடோனிலிருந்து துணிப் பொதிகள் காணாமல் போகும், காவல்காரன் செத்துக் கிடப்பான், தோணிக்காரன் ஒருவனைத் தூக்கில் போடப் பார்ப்பார்கள். மருத்துவச்சி துரையின் எதிரில் நின்று, முகத்துவாரம் மூடிக் கிடக்கையில் பொதி எந்த வழியாகப் போயிற்று என்று கேட்பாள். எங்கள் தெருவில் யாரும் கேட்காத கேள்வி அது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், புத்தகத்தை அவர் படிக்கவில்லை. அவர் கதை என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை.

இயக்குநருக்கு இடத்தைக் காட்டினால் புத்தி வரும் என்று நினைத்து, தம்பியின் வேனிலேயே ஓ.டி.க்கு அழைத்துப்போனேன். அவர் உப்பனாற்றங்கரையில் இறங்கியதும் கருவாட்டு வாடைக்குக் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். படகுகளையும் ஐஸ் உடைக்கிறவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஃப்ரேம்ல ஒண்ணும் நிக்கலையே மேடம். மஞ்சச் சுவரு, பெரிய ஜன்னலு, காகிதப்பூ... அந்த வைப் இங்க இல்ல."

நான் முகத்துவாரத்தைக் காட்டி, மணல் எப்படி அடைக்கும், அடைத்தால் தோணி ஏன் போகாது என்று வகுப்பில் நடத்துகிற மாதிரி நடத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டே ஃபோனைப் பார்த்தார். தம்பி அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, "பாண்டின்னே போடுங்க சார், அதுதான் ஜனங்களுக்குத் தெரியும்" என்றான். அவனை அங்கேயே ஆற்றில் தள்ளிவிட்டிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர்கள் எழுதிய திரைக்கதை மெயிலில் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளியில் உட்கார்ந்து படித்தேன். கதை பாண்டிக்குப் போயிருந்தது. அவர்கள் எழுதிய பாண்டியில் உப்பனாறும் இல்லை, மணலடிக்கிற முகத்துவாரமும் இல்லை. கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம்தான் இருந்தது, தோணி எந்த ராத்திரியும் போகலாம். ஆகவே மருத்துவச்சி கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. கடைசியில் தோணிக்காரனே திருடன், அவனே கொலைகாரன். மருத்துவச்சி அவனைக் கையும் களவுமாகப் பிடித்துத் துரையிடம் ஒப்படைக்கிறாள்.

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு ஃபோன் போட்டேன்.

"அதுதான் மேடம் ட்விஸ்ட்டே! பாவப்பட்டவன்தான் கில்லர்னா ஆடியன்ஸ் எதிர்பார்க்கவே மாட்டாங்க."

"ஏன் எதிர்பார்க்க மாட்டாங்க? தோணிக்காரன்தான் திருடியிருப்பான்னு ஊரு பூரா முதல் நாளே எதிர்பார்த்துது. இதுவா ட்விஸ்ட்டு? கதை உங்களுக்குக் கிடையாது சார்."

"எமோஷனல் ஆவாதீங்க மேடம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அந்தக் கோபத்தோடுதான் அடுத்த பீரியடை எடுத்தேன். பிள்ளைகள் சத்தமே போடவில்லை.

அவர் உடனே தம்பிக்குப் பேசியிருக்கிறார். சாயங்காலம் நான் பஸ் பிடித்து ஓ.டி. வீட்டுக்குப் போனபோது, தம்பி வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"உனக்கு இன்னாக்கா பைத்தியமா? டி.வி.ல வர்றதுன்னா சும்மாவா? ஊரப் பத்தி யாரு கேக்கப்போறாங்க?"

"ஊரோட போவலடா. கதையையே மாத்திட்டான்."

"கதைதானக்கா! மாத்துனா மாத்திட்டுப் போறான், வுடு."

உள்ளே அப்பா டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சத்தத்தில் அதை அணைத்துவிட்டு, என்ன சண்டை என்று கேட்டார். தம்பிதான் சொன்னான். அக்கா எழுதின கதை, அந்தக் காலத்துத் துறைமுகம், குடோனில் சரக்குக் காணாமல் போகிறது, ஒரு தோணிக்காரனைப் பிடிக்கிறார்கள், இப்போது அதைப் படம் எடுக்கக் கேட்கிறார்கள், அக்கா வேண்டாம் என்கிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவனும் என் புத்தகத்தைப் படித்ததில்லை.

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"தோணிக்காரன் கடைசில இன்னா ஆவறான்?" என்று கேட்டார்.

"அவுங்க கதையில அவன்தாம்பா திருட..."

தம்பி பாதியில் நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். இவ்வளவு வருஷம் என் கோபம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவன் முகத்திலும் அதைப் பார்த்தேன். காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

"உன் கதையில, பாப்பா?" என்றார் அப்பா.

"என் கதையில ஆத்து வாய் மூடிக் கெடக்குதுப்பா. தோணி போவ வழியே இல்ல. அவன் எடுக்கல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் ஃபோன் அடித்தது. இயக்குநரின் ஆபீஸிலிருந்து வேறு யாரோ. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், மேடத்தோட தம்பிங்களா? பாண்டியிலேர்ந்துதானே பேசுறீங்க?"

"இல்லீங்க. கடலூரு, ஓ.டி." என்றான் தம்பி. "தோணிக்காரர் மவன் பேசுறேன். கதை குடுக்கறதா இல்ல. போன வை."