எங்கள் வேகத்தை அக்கா அளந்த வாரம்

சிங்கம்புணரியில் எங்கள் வீட்டு மூத்த பெண்ணாகப் பிறந்து, அமராவதிபுதூரில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் போன அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இதை எழுதுகிறேன். அத்தான் சிறு வயதிலேயே தவறிவிட, காரைக்குடிப் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கச் சேர்ந்து, சூப்பர்வைசர் வரை உயர்ந்தார்கள். யார் வீட்டு விசேஷத்துக்கும் வெறுங்கையோடு போனதில்லை. என்னையும் அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது அக்காதான்.

அந்தக் கம்பெனியில் காலர் தைக்கும் மிஷின்கள் ஒரு மூலையில், அதைச் சட்டையில் பொருத்தும் மிஷின்கள் மறு மூலையில் கிடந்தன. காலையில் துணி வராமல் சும்மா உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் மொத்தமாக வந்து குவியும், பஸ்ஸை விட்டுவிட்டு நிற்போம். மிஷின்களை வேலை நடக்கும் வரிசையில் போட்டு, வெட்டிய துணியை வேளாவேளைக்குக் கொடுத்தால் எல்லோரும் ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்று அக்கா திட்டம் போட்டார்கள். அதற்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆபீஸ் ஆட்கள் கடிகாரத்தோடு வந்து நின்றால் நாங்கள் மெதுவாகத்தான் தைப்போம். வேகத்தைக் காட்டினால் வேலையைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயம். எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான். ஆனால் இந்த முறை வந்தது அக்கா.

“நம்ம வெரசா வீட்டுக்குப் போறதுக்குத்தான் பாக்குறேன். கையை இழுத்துப் பிடிக்காம தைங்கடி,” என்றார்கள்.

“நீங்க சொல்றீகன்னா சரிதான்க்கா,” என்று காலர் தைக்கும் செல்வி முதல் ஆளாகக் குனிந்தாள். ஒரு வாரம் உயிரைக் கொடுத்துத் தைத்தோம்.

மிஷின்கள் இடம் மாறின. வேலை தடையில்லாமல் ஓடியது. அடுத்த மாதமே, அந்த ஒரு வார வேகம் எங்களுடைய தினசரி டார்கெட் ஆனது. ஐந்தரை மணிப் பேச்சையே காணோம். ஈடுகொடுக்க முடியாமல் போன ஆறு பேரை நிறுத்தினார்கள். அதில் செல்வியும் நானும் உண்டு. முதலாளி அக்காவை ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தோம். அழுத அக்காவைத் தேற்றியதே நாங்கள்தான்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்கள்: “டார்கெட்ட ஏத்தப் போறாகன்னு எனக்கு மொதல்லயே தெரியும்டி. சொன்னா என் வேலை போயிருமேன்னு வாயத் தொறக்கல.”

மிச்சக் கஞ்சியையும் ஊட்டி முடித்தேன். அக்கா எனக்குச் செய்த நல்லதை எல்லாம் எண்ணிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. கூடப் பிறந்தவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாறி மாறித் துணையிருந்த செல்விக்கும், எங்களோடு வேலை இழந்த மற்ற நான்கு பெண்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா சொன்னதை உங்களிடம் மறைத்துக்கொண்டேதான் உங்கள் உதவியை வாங்கினேன். எழுதியதைப் படித்த எங்கள் அண்ணன் இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, இன்று பந்தியில் உட்காராமல் நீங்கள் திரும்பிப் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.