மச்சான் வண்டியின் டிக்டிக்

நேற்று பீளமேடு சிக்னலில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என் பக்கத்தில் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் பின்னால் இரண்டு வெடி வெடித்துவிட்டுப் போனது. பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் மூக்கில் மிளகாய் நெடி ஏறியது. கார் சத்தம் கேட்டால் மிளகாய் நெடி அடிக்கிற ஆள் கோயமுத்தூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கதையைச் சொல்லிவிடுகிறேன், சிரிப்பது உங்கள் பாடு.

அப்போது நான் அக்கா வீட்டுக்காரரின் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலை என்பது பேச்சுக்கு. மச்சான் புலம்பும்போது எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஐம்பது வயதில் அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்து தொலைத்தது. அதற்காக ஆனைமலை போகிற வழியில் இருந்த தென்னந்தோப்பை விற்றார். எங்கப்பா மரம் மரமாக வைத்து, அக்காவுக்கு எழுதிக் கொடுத்த தோப்பு. பத்திர ஆபீசில் அக்கா வாயே திறக்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள்.

அவள் பேசாமலிருந்ததுதான் மச்சானைக் குடைந்தது. கார் நன்றாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் தோப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காரோ வந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்தால் பின்னாலிருந்து ‘உய்ங்’. ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘படபட’. நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, பல்லி மாதிரி ‘டிக் டிக்’. மச்சான் பல்லிக்குப் பலன் பார்க்கிறவர். கார் எந்தத் திசை பார்த்து நிற்கும்போது டிக்டிக் கேட்டது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பிறகு பம்பு மோட்டாருக்குச் செய்வதுபோல ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். காது சுட்டதுதான் மிச்சம்.

ஷோரூமுக்குச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். தினமும்தான் போன் செய்தார். “வண்டி எப்படீங்க?” என்று கேட்பார்கள். “அருமைங்க, ஒரு கொறையுமில்லீங்க” என்பார். எடுத்த எடுப்பில் குறை சொல்வது மரியாதையா? மழை, தேங்காய் விலை, அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் விசாரித்து போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். “பழச மினுக்கிக் குடுத்துப்போட்டானுங்க மாப்ளே.”

ஷோரூமிடம் சொல்ல வாய் வராததை ஆனைமலை மாசாணியம்மனிடம் சொல்வதென்று முடிவானது. ஏமாற்றியவர்களை நினைத்து அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அம்மனிடம் ‘சௌக்கியமுங்களா’ என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. அக்காவும் வருகிறேன் என்றாள். அந்தக் காரில் அவள் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பின் சீட் என்ற பேரில் ஒன்று இருந்தது. அதில் என்னையும் மிளகாய்ப் பையையும் மடித்து வைத்தார்கள்.

பொள்ளாச்சி தாண்டித் தோப்பு வந்தது. மரங்களையெல்லாம் சாய்த்து, மனை பிரித்து சைட் கல் நட்டிருந்தார்கள். மச்சான் வேகமாகக் கடந்துவிடப் பார்த்தார். வேகத்தடை குறுக்கே வந்து காலை எடுக்க, சரியாகத் தோப்புக்கு எதிரே கார் படபடவென்று வெடித்தது. அக்கா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கோயிலில் மச்சான் பாதி அரைத்திருப்பார். எனக்கு மனசு கேட்காமல் வெளியே வந்து ஷோரூமுக்குப் போன் போட்டு, எல்லாச் சத்தங்களையும் வாயாலேயே செய்து காட்டினேன். பூ விற்கிற அம்மா கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். உய்ங் என்பது பெட்ரோல் பம்பு, டிக்டிக் என்பது சூடான இரும்பு ஆறுகிற சத்தம் என்றான் போனில் பேசிய பையன். “படபடங்கறதுக்குத்தானுங்க இந்த வண்டியவே வாங்கறாங்க.”

ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன். குழவியும் கையுமாகத் திகைத்து உட்கார்ந்துவிட்டார். ஏமாற்றியவன் என்று ஒருத்தனும் இல்லை, மிளகாய் மட்டும் பாதி அரைத்துக் கிடக்கிறது. அம்மன் முன்னால் எடுத்த காரியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கவும் பயம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள்.

அக்கா குழவியைக் கையில் வாங்கினாள்.

“தள்ளிக்குங்க. மீதிய நா அரைச்சுக்கறனுங்க.”

வெண்ணெயாக அரைத்துப் பூசினாள். யாரை நினைத்து என்று கேட்க மச்சானுக்குத் தைரியம் வரவில்லை. மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அலறினார். திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் மச்சான் மடிந்து கிடந்தார்.

அடுத்த வருஷமே காரை விற்றுவிட்டார். தோப்பு இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள், அந்த நகருக்கு வைத்த பேரில் மட்டும் தென்னை இருக்கிறது. அன்றைக்கு மச்சானை நினைத்துத்தானே அரைத்தாய் என்று போன மாதம்தான் அக்காவிடம் கேட்டேன்.

“அவரு அப்படித்தான் பயந்துட்டிருக்காரு” என்றாள். “கையெழுத்துப் போட்டது நாந்தான கண்ணு.”

அப்பா வைத்த மரங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை.