வெற்றிச்செல்வியின் ஆட்டோ நிற்கும் இடம்

வெற்றிச்செல்வி ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் கண்ணையனுக்கு முதுகில் வட்டு விலகிப்போய், இனிமேல் வண்டியே ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வண்டி ஓட்டுறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அத உனக்குச் சொல்லித் தரேன்" என்று அவரே ஏரிக்கரைப் பாதையில் மூன்று வாரம் அவளைப் பழக்கினார்.

இப்போது ஊரிலிருந்து ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் போய் அரியலூரில் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிறாள்.

போன கார்த்திகையில் ஒருநாள் கரும்பு டிராக்டர் ரோட்டில் கவிழ்ந்துகிடந்தது. சுற்றிக்கொண்டு வந்ததில் ஒரு மணி நேரம் தாமதம். போனில் சார்ஜும் இல்லை. ஊர் முனையில் ஏழு வீட்டுக்காரர்களும் மழையில் நின்றிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஒரு பிள்ளையின் அப்பா ராஜராஜன், "இனிமே தினம் வாட்ஸப் குரூப்புல லொக்கேஷன் போட்டுடுங்கக்கா" என்றார்.

அது அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. "என்னைய நம்பல போல" என்று வீட்டில் சொன்னாள்.

"புள்ளைங்களத்தான் தேடுறாங்க, உன்னைய இல்ல. போட்டு வுடு" என்றார் கண்ணையன்.

எப்படிப் போடுவதென்று காட்டிக்கொடுத்தவள் ஜோதி. யூகேஜி போகும் குட்டிப்பெண்ணின் அம்மா. அரியலூர் கடைவீதியில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவள். "எட்டு மணி நேரம்னு வெச்சிடுங்கக்கா. கால் மணி நேரம்னு வெச்சா பாதி ரோட்டுலயே நின்னுடும்."

ரெண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜோதி சும்மா குரூப்பைப் பார்த்தாள். மேப்பில் வெற்றிச்செல்வியின் படம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் நின்றது. மறுநாள் பத்து மணிக்குப் பார்த்தாள், அங்கேயே. ஒரு மணிக்கும் அங்கேயே. டப்பாவை மூடி வைத்துவிட்டு நடந்தே போனாள்.

வேப்பமரத்தடியில் ஆட்டோ நின்றது. ரெண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, பின்சீட்டில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள் வெற்றிச்செல்வி.

"தினமும் இங்கயேவா இருக்கீங்க?"

"வேற எங்க போறது? ஊருக்குப் போயிட்டு வந்தா டீசல்தான் வீண். ஸ்டாண்டுல போய் நின்னா அவங்க எடத்தப் புடுங்குன மாதிரி ஆயிடும்."

ஜோதியின் கண் தண்ணீர் பாட்டிலில் விழுந்தது. காலையில் நிரப்பியது கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. "தண்ணி குடிக்கலையா?"

வெற்றிச்செல்வி தண்டவாளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குடிச்சா போவணும்ல."

கல்யாணத்துக்கு முன்பு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் ஜோதி. அவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "வண்டிய எடுங்கக்கா. எங்க கடைக்குப் பின்னாடி பாத்ரூம் இருக்கு."

அன்றைக்குப் போனாள். கடைக்கார அம்மா மலர்கொடி ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்து நீட்டினாள். ஆனால் மறுநாள், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வெற்றிச்செல்வி லொக்கேஷனை நிறுத்திவிட்டாள். ஒரு மணிக்கெல்லாம் ஜோதி படுதாவை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"அத நிறுத்திட்டா கண்டுபுடிக்க முடியாதா? நீங்க வேற எங்க போயிடப் போறீங்க."

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. "பாத்ரூம் போறதுக்குன்னு தினம் அடுத்தவங்க கடையில போய் நிக்க வெக்கமா இருக்கு ஜோதி."

"அப்ப வேலைக்குன்னு வாங்க. கொக்கி வெக்க ஆளில்லாம ஜாக்கெட்டெல்லாம் மலையாக் கெடக்கு."

அப்படித்தான் அவள் அந்தக் கடைக்குள் போனது. காத்தாடிக்கு அடியில் உட்கார்ந்து கொக்கி தைத்தாள், ஓரம் மடித்துத் தைத்தாள். மத்தியானம் மூன்று பேரும் குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணையனிடம்கூடச் சொல்லாமல் ரெண்டு வருஷமாக வைத்திருந்த நீர்க்கடுப்பு தை பிறப்பதற்குள் விட்டுப்போனது. அதற்கப்புறம்தான் அவரிடம் சொன்னாள். "டிப்பர் ஓட்டுன காலத்துல நான் வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிப் போவேன். ஒனக்கு அது ஆவாதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார். மறுநாள் காலையில் பாட்டிலை அவரே நிரப்பி வண்டியில் வைத்தார்.

அவள் பகலில் எங்கே இருக்கிறாள் என்பது குரூப்பில் இருக்கிற ஏழு வீட்டுக்கும் தெரிந்துபோனது. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது ராஜராஜன் குரூப்பில் போட்டார்: "அக்கா, தையல் கடையிலதான இருக்கீங்க? எங்க வூட்டு ஜாக்கெட் ரெடியான்னு பாத்துச் சொல்லுங்க."

வெற்றிச்செல்வி கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு வாய்ஸ் அனுப்பினாள். "தச்சாச்சுங்க. பின்கழுத்து இன்னும் ரெண்டு இஞ்ச் எறக்கணுமான்னு கேக்குறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து ராஜராஜன் நம்பரிலிருந்தே அவர் வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது. "ஒரு இஞ்ச் போதுங்கக்கா."