அண்ணன் போட்ட விறகுக் கணக்கு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஏலக்காய் உலர்த்தக் கரண்டு லாபமா, விறகு லாபமா என்று போடியில் இன்றும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

போடிமெட்டுக்கு மேலே அப்பா விட்டுப்போன சிறு ஏலத்தோட்டத்தை அண்ணன்தான் பார்த்துவந்தார். காய் உலர்த்தும் அறையை ஸ்டோர் என்போம். அதில் விறகடுப்புக்குக் காவல் இருந்தது மதினி. மலைக்குக் கரண்டு வந்ததும் அண்ணன் அந்த அடுப்பை மூடிவிட்டுக் கம்பிச்சுருள் அடுப்பு மாட்டினார். காய் பச்சை மாறாமல் காய்ந்தது. அடுப்புப் புகையால் வந்த மதினியின் இருமலும் அடங்கியது. ஆனால் பணம் கட்டச் சொல்லிக் கரண்டு சீட்டு வரும் நாளில் அண்ணனுக்குச் சோறு இறங்காது.

"பறிக்கிறது பூராம் கம்பி வழியாப் போகுது" என்பார்.

"போகட்டும். என் நெஞ்சு வழியாப் போறதுக்கு அது மேலு" என்பார் மதினி.

இரண்டு வருஷம் தாங்கிவிட்டு அண்ணன் விறகுக்கே திரும்பினார். நம் தோட்டத்து விறகுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. மழைக்கு முன் நிழல் மரங்களில் கிளை கழிப்பது மலையில் வழக்கம். அந்தக் கிளைகள் போதும் என்று தொடங்கினார். போதவில்லை. பிறகு பட்ட மரங்களை வெட்டினார். அதன்பின், பட்டுவிடும் போலத் தோன்றிய மரங்களை. சீட்டு வராத மாதங்களில் முகம் மலர்ந்திருந்தார். மதினி மறுபடி இருமினார்.

பின்னொரு கோடையில் மழை பொய்த்தது. ஏலம் நிழலில் உயிர் வாழும் பயிர். பக்கத்துத் தோட்டங்கள் வாடினாலும் பிழைத்துக் கிடந்தன. எங்களுடையதில் வெயில் நேராகத் தரையில் இறங்கியது. ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். ஓடையும் வற்றிய அன்று அண்ணன் ஒரு பலா மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மதினி திட்டுவார் என்று நினைத்தேன். வெயில் ஏறுகிறது, வாருங்கள் என்று மட்டும் கூப்பிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கரண்டுக்காரன் சீட்டக் குடுத்துட்டு வாங்குனான் அப்பு. மரம் ஒரு வார்த்த சொல்லலையே."

செடிகள் கருகிப் போயின. தோட்டம் கைமாறியது. ஜீப்பில் மலையிறங்கிய அண்ணன் பிறகு ஏறவே இல்லை. கீழே ராசிங்காபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அங்கும் விறகடுப்புதான். மதினியை ஊத விடமாட்டார். கண்ணில் நீர் வழியக் குனிந்து தானே ஊதுவார்.

போன தையில் அண்ணன் போய்விட்டார். இப்போது மதினிதான் ஊதுகிறார்.

எழுதி முடித்தது, ஆடி மாதம் இருபதாம் தேதி.