துண்டறிக்கையின் பின்பக்கம்

கல்கத்தாவில் எங்கள் புரட்சிக் குழுவில் மொத்தம் ஏழு பேர். உலகத்தையே புரட்டிப்போட இது போதுமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் பவானிபூரிலிருந்து ஜாதவ்பூருக்குக் கூட்டத்துக்குக் கிளம்பினால், புரட்சி முடிஞ்சதும் கறிவேப்பிலை வாங்கிட்டு வா என்பார். மனுஷனுக்கு வாய் அப்படி. நானும் மறக்காமல் வாங்கித்தான் வருவேன்.

போன வருஷம் ஹவுராவில் ஒரு சின்னப் பட்டறை. மின்விசிறி இறக்கைக்குப் பெயின்ட் அடிக்கிற இடம், பாதிக்குமேல் பெண்கள். அவர்களுக்கு இருந்த ஒரே கழிப்பறைக்குக் கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு காவல் நிற்கணும். கதவு போடுங்கள் என்று கேட்ட ஒரு பெண்ணை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கணும். எங்களைத் தேடி வந்தாள். என்னைவிடச் சின்னவள்தான். ஆனாலும் வங்காள வழக்கப்படி நான் அவளைத் திதி, அதாவது அக்கா, என்றேன், அவளும் என்னைத் திதி என்றாள்.

திங்கட்கிழமை காலை பட்டறை கேட்டில் நாங்கள் துண்டறிக்கை கொடுப்பது, பெண்கள் வேலைக்குப் போகாமல் வெளியே நிற்பது என்று முடிவாயிற்று.

எங்களிடம் ஒரு வழக்கம். ஏழு பேரும் ஒவ்வொரு வரிக்கும் சம்மதித்தால்தான் எதுவும் அச்சுக்குப் போகும். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். அந்தப் பட்டறைக்காரர் தேசிய முதலாளியா, தரகு முதலாளியா என்பதிலேயே இரண்டு சாயங்காலம் போயிற்று. ஒரு தோழர் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். டீ வந்ததும் திரும்பி வந்தார். நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? ஏகாதிபத்தியத்துக்குத் தனிப் பத்தி கேட்டுச் சண்டை போட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை கேட்டில் திதி ஒரு தாளை வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"திதி, இதுல கதவு எங்கே?"

வாங்கிப் பார்க்கிறேன், கதவும் இல்லை, அவள் வேலையும் இல்லை. ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணித் தாலியை மறந்த கதை. ஏழு மேதைகள் இருந்து என்ன புண்ணியம்? எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் திட்டவில்லை. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. என் பேனாவை வாங்கி, கதவு வேண்டும், என் வேலை வேண்டும் என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே மற்ற பெண்களும் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கேட்டோரம் கிடந்த பெயின்ட் டப்பாவில் கட்டைவிரலை முக்கிக் கைநாட்டு வைத்தார்கள். தாள் முதலாளியிடம் போயிற்று. நாங்கள் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்து பொரி தின்றோம். மத்தியானத்துக்குள் அவர் இறங்கி வந்தார். அன்றைக்கே திதி வேலைக்குத் திரும்பினாள். அந்த வாரமே கதவும் வந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரு தோழர், நமது துண்டறிக்கை தீர்மானகரமான பங்கு வகித்தது என்று வாசித்தார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"ஆமா தோழர், அதோட பின்பக்கம்" என்றேன்.

வாசித்தவர்தான் முதலில் சிரித்தார். அதிலிருந்து நாங்கள் பின்பக்கம் எதுவும் அச்சடிப்பதில்லை. அந்தத் தீர்மானத்துக்கு மட்டும் ஏழு பேரும் ஒரே நிமிஷத்தில் சம்மதித்தோம்.

கதவைப் பார்க்க வாங்க என்று திதி கூப்பிட்டாள். போனேன். விசிறிக்கு அடிக்கிற அதே பச்சைப் பெயின்ட். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கடியில் அவள் பாதங்கள் தெரிந்தன, காவல் நின்றுகொண்டிருந்தாள். தாழ்ப்பாள் போட்டாச்சு, போங்க திதி என்றேன். பழக்கம் என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்சம் கழித்து அந்தப் பாதங்கள் நகர்ந்து போயின.