கோர்ட் ஆர்டரோடு போன காதுகுத்து

இன்று காலை ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தேன்.

யார் வீட்டு விசேஷம் என்கிறீர்களா? என் சொந்த மகளுடையதுதான்.

அதற்குக் கோர்ட் ஆர்டர் வாங்கிக்கொண்டு போனேன்! (எனக்குப் பத்திரிகை வைக்கவில்லையே, வேறு என்ன செய்வது?)

விவரம் தெரியாதவர்களுக்கு: எனக்கும் என் கணவருக்கும் விழுப்புரம் ஃபேமிலி கோர்ட்டில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. இனியாவுக்கு நான்கு வயது. வழக்கு முடியும்வரை அவள் திண்டிவனத்தில் என்னோடு இருப்பாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவள் அப்பா காலையில் அழைத்துப் போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இதுதான் இடைக்கால உத்தரவு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மாமியார் போன் செய்தார். (இன்னும் மாமியார் என்று சொல்லலாமா? கேஸ் முடியவில்லை, சொல்லலாம்!)

"கொழந்தைக்கு எங்க கொலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு காது குத்தப் போறோம். உன் தம்பிய அனுப்பி வை."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்! அதனால் என் தம்பி முரளி இல்லாமல் அவர்களுக்கு வேலை நடக்காது.

"தம்பி மட்டும்தானா? அப்போ நானு?"

"நீ எதுக்கு? புருசன் மேல கேசு போட்டுக்கினு கோர்ட்டுக்கு நடக்குறவ, நல்ல காரியத்துல முன்னாடி வந்து நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? உன் தம்பி சீரோட வரட்டும், அது போதும்."

நியாயத்தைப் பார்த்தீர்களா? பெற்றவள் வேண்டாமாம். பெற்றவளின் தம்பி மடி வேண்டுமாம். கூடவே சீர்வரிசைத் தட்டும் வேண்டுமாம்!

சரி, என் அம்மாவாவது எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"உடுடீ. ஒரு நாளுதானே? கொழந்தைக்கு நல்லது நடக்குதில்ல, நீ ஊட்லயே இரு. எதுக்கு பேஜாரு?"

அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். மாமியார் சொன்னதற்கு இல்லை, அம்மா சொன்னதற்கு.

முரளி டூவீலர் மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவன், கையைக்கூடக் கழுவாமல் கத்தினான்.

"நீ வராத எடத்துக்கு நான் எதுக்குக்கா போறேன்? என் மடி என்ன வாடகைக்கு உடுற சேரா?"

(தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும்!)

எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. குழந்தையை இனி ஞாயிற்றுக்கிழமைகூட அனுப்ப முடியாது என்று வக்கீல் அக்காவிடம் போய் நின்றேன். "கஸ்டடி என் கையிலதானே இருக்கு!"

அவர் என்னையே பிடித்துத் திட்டினார்.

"கஸ்டடின்னா கொழந்தைய உனக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சியா? இப்போதைக்கு உங்கிட்ட வளருது, அவ்ளோதான். அப்பாக்காரன் பாக்குற உரிமை அப்படியேதான் இருக்கு. நீ அனுப்பலன்னா உன் மேலதான் தப்பு வரும். அதே மாதிரி, அவர் கையில ஒரு நாள் கெடச்சிதேன்னு உன்னை ஒதுக்கிட்டு விசேஷம் பண்றதும் சரி கெடையாது. புருசன் பொண்டாட்டில யாரு ரைட்டுன்னு கோர்ட்டு இதுல பாக்காதும்மா. கொழந்தைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும்."

இத்தனை நாள் கஸ்டடி என்றால் ஜெயித்தவருக்குக் கொடுக்கும் கப் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

"அப்போ நான் போய் அங்க நிக்கலாமாக்கா?"

"ஏன் கூடாது? கோர்ட்ல கேட்டே வாங்கலாம்."

அதற்குள் அவர்கள் தரப்பில் விசேஷத்துக்காகக் குழந்தையை இரண்டு நாள் அனுப்பச் சொல்லி மனு போட்டுவிட்டார்கள். விசாரணையில் நானும் வர வேண்டும் என்று எங்கள் தரப்பில் கேட்டதும், ஜட்ஜ் அம்மா என் கணவரைக் கேட்டார்.

"கொழந்தையோட அம்மா வந்தா உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். எங்க அம்மாதான்..."

"காது குத்துறது உங்க அம்மாவுக்கா?"

கோர்ட்டே சிரித்தது. அவரும் தலையைக் குனிந்துகொண்டே சிரித்துவிட்டார். விசேஷத்தில் அப்பா, அம்மா இருவரும் இருக்கலாம், மாலையில் குழந்தை அம்மாவோடு திரும்ப வேண்டும் என்று உத்தரவானது.

இன்று காலை பிரம்மதேசம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டேன். (யார் என்ன சொன்னால் எனக்கென்ன?)

மொட்டை முடிந்தது. முரளி மடியில் இனியா உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்தார். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

கணவரின் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏம்மா, இன்னும் நீ இந்தக் குடும்பத்துக்கு என்ன மொறைன்னு முன்னாடி வந்து நிக்கிற? பின்னாடி போய் நில்லு."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

ஆனால் என் வாய்க்குப் பயமில்லை!

"உங்களுக்கு நான் ஒரு மொறையும் ஆவ வேணாங்க. இவளுக்கு நான் அம்மா. கேசு முடிஞ்சாலும் அம்மாதான். நான் நவுர மாட்டேன்."

இனியாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கையை அவள் அப்பா வந்து பிடித்துக்கொண்டார், அவர் அம்மா முறைத்துக்கொண்டிருக்கும்போதே! (உடனே 'சேர்ந்துட்டீங்களா?' என்று கமெண்டில் வராதீர்கள். இல்லை. அடுத்த வாய்தா அடுத்த மாதம்.)

காது குத்தியபோது ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். எங்கள் இரண்டு பேர் கையையும் அவள் விடவில்லை.

இப்போது திண்டிவனத்தில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் மடியில் தூங்குகிறாள்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. விவாகரத்து கேஸ் நடக்கும் ஒருத்தி, தன் குழந்தையின் விசேஷத்தில் எங்கே நிற்க வேண்டும்?

'பின்னால்' என்று சொல்பவர்கள் தாராளமாக அன்ஃப்ரெண்ட் பண்ணிக்கொள்ளலாம். நகரப் போவது நீங்கள்தான், நான் இல்லை!